ஓடும் பெண்ணை நிறுத்தவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம்!

"பொண்ணு பெரியவளாயிட்டா. இனிமே என்ன ஓட்டமும் ஆட்டமும்?"

இந்த வார்த்தையைக் கேட்காத வீடு உண்டா, சகோதரிகளே? எங்கள் ஆவடிப் பக்கத்திலோ, அம்பத்தூரிலோ, பூந்தமல்லியிலோ ஏதாவது ஒரு பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்குப் போய்ப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் பெண்களுக்கான ஓட்டப் பந்தயம் என்றால் கோட்டில் நிற்க இடம் போதாது. ஒன்பதாம் வகுப்பு வரும்போது நாலைந்து பேர்தான் நிற்பார்கள். மற்றவர்கள் எங்கே? கோலப் போட்டியிலும் வரவேற்பு நடனத்திலும் இருப்பார்கள். கால்கள் அதே கால்கள்தான். நடுவில் வந்தது வயது ஒன்றுதான்.

எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. என் மூத்த பெண் அப்போது எட்டாம் வகுப்பு. 200 மீட்டர் நன்றாக ஓடுவாள். 2024 ஜூன் மாதம் வயதுக்கு வந்தாள். மஞ்சள் நீராட்டு, புட்டு, உளுத்தங்களி எல்லாம் முறைப்படி நடந்தன. ஆகஸ்டு கடைசியில் பி.டி. டீச்சர் குறுவட்டப் போட்டிக்கான விண்ணப்பத்தைக் கொடுத்தனுப்பினார். பெற்றோர் கையெழுத்து போட வேண்டும். அத்தை, அதாவது என் மாமியார், "கர்ப்பப்பை ஆடிப் போகும். நாளைக்குப் பிள்ளை பெத்துக்கறதுல கஷ்டம் வரும்" என்றார். அவருக்குப் பேத்தி மேல் இருக்கும் பாசத்தில் குறை சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர், "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்று நழுவிவிட்டார். விண்ணப்பம் ஃப்ரிட்ஜ் மேல் பத்து நாள் கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் தெற்காசிய ஜூனியர் தடகளப் போட்டி சென்னைக்கு வந்தது. 2024 செப்டம்பர் 11 முதல் 13 வரை, பெரியமேடு ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில். இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம், பூட்டான், மாலத்தீவு என்று 7 நாட்டு இளம் பிள்ளைகள். ஆவடியில் மின்சார ரயில் ஏறினால் மூர் மார்க்கெட் நிலையம். அங்கிருந்து ஸ்டேடியம் கூப்பிடு தூரம். "அத்தை, நீங்களும் வாங்க. நம்ம கண்ணால ஒரு தடவை பார்த்துட்டு வந்து பேசுவோம்" என்றேன். புளியோதரை கட்டிக்கொண்டு மூன்று பேரும் கிளம்பினோம்.

கேலரியிலிருந்து பார்த்தது

ஜூனியர் என்றால் யார் தெரியுமா? அந்த வருடம் டிசம்பர் 31-ம் தேதி 20 வயது நிரம்பாதவர்கள். எல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரிதான். பின்னலை இழுத்துக் கட்டி கிளிப் குத்தியிருக்கிறார்கள். சாமி கும்பிடுகிறார்கள். தண்ணீர் பாட்டிலை மாற்றி மாற்றிக் குடிக்கிறார்கள். அத்தை முதலில் கேட்டது, "இதுங்க எல்லாம் ஸ்கூல் போகுதுங்களா?" என்றுதான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர் ஒருவர் எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். 100 மீட்டரில் துப்பாக்கிச் சத்தத்துக்கு முன்னால் கிளம்பிவிட்டால் அவ்வளவுதான், வெளியே போக வேண்டும். உயரம் தாண்டுதலில் தொடர்ந்து மூன்று தடவை குச்சியைத் தட்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது. இதெல்லாம் தெரிந்த பிறகு பார்ப்பதே தனி ருசி!

அந்தப் போட்டியில் பெண்கள் 100 மீட்டரில் தங்கம் வாங்கியவர் நம் தமிழ்நாட்டுப் பெண் அபிநயா ராஜராஜன். தென்காசி மாவட்டத்துக்காரர். 11.77 விநாடி. அந்தப் போட்டித் தொடரில் அது புதிய சாதனை. 11.77 விநாடி என்றால் தோசைக்கல்லில் மாவை ஊற்றித் தேய்த்துக் கரண்டியைக் கீழே வைக்கிற நேரம்! அதற்குள் ஒரு பெண் 100 மீட்டரைக் கடந்துவிடுகிறாள். உயரம் தாண்டுதலில் ஹரியானா பூஜா 1.80 மீட்டர் தாண்டினார். கொத்தனார் வீட்டுப் பெண். மூங்கில் கழியைக் குறுக்கே வைத்து, வைக்கோல் அடைத்த மூட்டைகளின் மேல் விழுந்து பழகியவர். இந்தியா மொத்தம் 48 பதக்கங்களுடன் முதலிடம். அதில் தங்கம் மட்டும் 21. இலங்கை 35 பதக்கங்களுடன் இரண்டாம் இடம்.

ஆனால் என் மனத்தில் நின்றது பதக்கக் கணக்கு அல்ல. மாஸ்டர் போகிறபோக்கில் சொன்ன ஒரு விஷயம்.

சட்டமே வளரும் உடம்பை மதிக்கிறது

"பாருங்கம்மா, இங்க ஆம்பளப் பசங்க எறியற குண்டு 6 கிலோ. பெரியவங்க எறியறது 7.26 கிலோ. 18 வயசுக்கு உட்பட்டவங்களுக்கு இன்னும் குறைவு, 5 கிலோ" என்றார் அவர். பெண்களுக்கும் அப்படித்தான். 18 வயதுக்கு உட்பட்ட பெண்ணுக்கு 3 கிலோ குண்டு. அதற்கு மேல் 4 கிலோ. ஈட்டி, சிறுமிகளுக்கு 500 கிராம். பெரியவர்களுக்கு 600 கிராம். 100 மீட்டர் தடை ஓட்டத்தில் 18 வயதுக்கு உட்பட்ட பெண்கள் தாண்டும் தடை 76.2 சென்டிமீட்டர் உயரம்; அதன் பிறகுதான் 83.8.

யோசித்துப் பாருங்கள். உலகம் முழுக்கப் போட்டி நடத்துகிறவர்கள், 'இந்தப் பிள்ளை இன்னும் வளர்கிறது, எலும்பு இன்னும் முற்றவில்லை' என்று கணக்குப் போட்டுத்தான் எடையையும் உயரத்தையும் வைத்திருக்கிறார்கள். 'ஓடாதே' என்று சொல்லவில்லை. 'பெரியவர்கள் சுமப்பதை இப்போதே சுமக்காதே' என்றுதான் சொல்கிறார்கள். தாய்மார்களாகிய நாமும் அதைத்தானே செய்ய வேண்டும்? இட்லியை ஆவி வருவதற்கு முன் எடுக்கவும் கூடாது, அடுப்பிலேயே விட்டுவிடவும் கூடாது.

பாட்டி காலத்துப் பயமும் மேல்நாட்டுப் பயமும்

'பெண் ஓடினால் உடம்பு தாங்காது' என்ற பயம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதல் முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஓடி முடித்ததும் சிலர் களைத்துப் போய்த் தரையில் சாய்ந்தார்கள். ஓடினால் யாருக்கும் மூச்சு வாங்கத்தானே செய்யும்? ஆனால் பத்திரிகைகள் பெரிதாக எழுதிவிட்டன. பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். அது திரும்பி வந்தது 1960-ல், ரோம் ஒலிம்பிக்கில். 32 வருடம்! பெண்கள் மாரத்தான் ஓட ஒலிம்பிக்கில் இடம் கிடைத்ததோ 1984-ல்தான்.

நம் பி.டி. உஷாவை எடுத்துக்கொள்ளுங்கள். 16 வயதில் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குப் போனார். 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டார். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் நாலு தங்கம், ஒரு வெள்ளி. பிறகு கல்யாணம், ஒரு மகன். அத்தோடு முடிந்ததா? 1998-ல் ஜப்பானில் ஃபுகுவோகா ஆசியத் தடகளப் போட்டியில் மறுபடி ஓடிப் பதக்கங்கள் வாங்கினார். அந்தக் கதையை ரயிலில் வரும்போது அத்தையிடம் சொன்னேன். "பிள்ளை பெத்த பிறகா?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் வில்லிவாக்கம் தாண்டும் வரை ஒன்றும் பேசவில்லை.

லேடி டாக்டர் சொன்னது

மறுவாரம் அத்தையையும் பெண்ணையும் அழைத்துக்கொண்டு எங்கள் பக்கத்து லேடி டாக்டரிடம் போனேன். அத்தை தன் சந்தேகத்தை அவரே நேராகக் கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. "பாட்டி, கர்ப்பப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள்ள தசைநார்களால தாங்கி பத்திரமா இருக்கு. ஓடறதால அது இறங்காது, ஆடாது. மாதவிலக்கு நாள்ல உடம்பு ஒத்துழைச்சா ஓடலாம். சில பெண்களுக்கு மிதமா ஓடினா வயித்து வலி குறையும். முடியலேன்னா அன்னிக்கு ஓய்வு. இதுல கட்டாயம் எதுவும் இல்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னவற்றை வீட்டுக்கு வந்ததும் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். உங்களுக்கும் உதவும்.

இரத்தச் சோகை: இதுதான் நம் பெண்களின் முதல் எதிரி. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தச் சோகை. 'ஓடினா மூச்சு வாங்குது, தலை சுத்துது' என்று பெண் சொன்னால் ஓட்டத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் டாக்டரைக் கேட்டு மருந்து எடுக்க வேண்டும். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பெண் சாப்பிடுகிறாளா, பையிலேயே வைத்திருக்கிறாளா என்று விசாரியுங்கள்!

மாதவிலக்கு: 15 வயதாகியும் வராவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒழுங்காக வந்துகொண்டிருந்தது பயிற்சி தொடங்கிய பிறகு மூன்று மாதம் நின்றுபோனாலும் பார்க்க வேண்டும். 'ஓடற பொண்ணுன்னா அப்படித்தான்' என்று விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் காரணம் ஓட்டம் அல்ல. ஓடும் அளவுக்குச் சாப்பாடு போதாததுதான். இப்படியே போனால் எலும்பும் பலவீனமாகும்.

வலி: வளரும் வயதில் குதிகால், முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்த இடம் ஆகியவற்றில் வலி வரலாம். வளரும் எலும்பை இறுகிய தசைநார் இழுப்பதால் வருவது. ஓய்வு கொடுத்தால் சரியாகும். நொண்டி நடந்தாலோ, வீங்கினாலோ, இரவில் வலியால் விழித்தாலோ தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திராமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

தூக்கம்: 13 வயது முதல் 18 வயது வரை இரவில் 8 முதல் 10 மணி நேரம். காலையில் 5 மணிக்கு எழுப்ப வேண்டுமானால் 9 மணிக்குள் டி.வி.யும் செல்போனும் அணைய வேண்டும், நம்முடையதும் சேர்த்து!

சாப்பாடு: தனிச் சமையல் தேவையில்லை. பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழம் அல்லது இரண்டு பேரீச்சம்பழம். முடிந்து வந்ததும் கேழ்வரகுக் கஞ்சி அல்லது இட்லியுடன் முட்டை. முட்டை சாப்பிடாத வீடென்றால் சுண்டல், பாசிப்பயறு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை, கூடவே எலுமிச்சை பிழிந்தது ஏதாவது. புளிப்புச் சத்து இரும்பை உடம்பில் சேர்க்கும். சாப்பாட்டோடு குடிக்கும் டீ அதைத் தடுக்கும். மாலையில் கடலை உருண்டை, எள்ளுருண்டை. வெயிலில் ஓடி வந்தால் உப்புப் போட்ட நீர்மோர். விலை உயர்ந்த பானங்கள் எதுவும் இதற்கு மேல் செய்துவிடப் போவதில்லை.

கேட்டு முடித்ததும் அத்தை பேத்தியைப் பார்த்து, "முழங்கால் வரைக்கும் கால்சட்டை போட்டுட்டு ஓடுவியா?" என்றார். அவ்வளவுதான் அவருடைய நிபந்தனை. சுத்தமான, உடம்பு தெரியாத, ஓடத் தோதான உடை எதுவானாலும் சரி என்று பி.டி. டீச்சரும் சொல்லிவிட்டார். கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் கடைசி நாளில் போய்ச் சேர்ந்தது. குறுவட்டப் போட்டியில் எங்கள் பெண் நாலாவதாக வந்தாள். பதக்கம் இல்லை. ஆனால் மறுநாள் காலை தானாகவே எழுந்து ஷூ மாட்டினாள்.

இனி, இன்னொரு பக்கம்

நிறுத்துகிற வீடுகளைப் பற்றிச் சொன்னேன். விரட்டுகிற வீடுகளும் பெருகிவிட்டன. பத்து வயதுப் பெண்ணைக் காலை மாலை இரண்டு வேளையும் ஒரே ஓட்டத்துக்குப் பழக்குகிறார்கள். 'அடுத்த ஒலிம்பிக் நம்ம பொண்ணுதான்' என்று உறவுக்காரர் கல்யாணத்தில் சொல்லி வைக்கிறார்கள். தோற்றுவிட்டால் வீட்டில் பேச்சு வார்த்தை கிடையாது. பாவம், அந்தக் குழந்தை!

மருத்துவர்கள் சொல்லும் ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. பிள்ளைக்கு எத்தனை வயதோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வேண்டாம். 12 வயதென்றால் வாரத்துக்கு 12 மணி நேரம். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. சின்ன வயதில் ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று எல்லாம் பழகட்டும். மாவட்டங்களுக்கு இடையிலான தேசிய ஜூனியர் போட்டியிலேயே 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூன்று நிகழ்ச்சிகளைச் சேர்த்துத்தான் வைக்கிறார்கள்.

வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கும் காரியத்துக்கு மட்டும் போகவே போகாதீர்கள். இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியை வைத்து வயதைப் பார்க்கும் முறை வந்துவிட்டது. மாட்டிக்கொண்டால் தண்டனை பெரியவர்களுக்கு இல்லை, அந்தப் பிள்ளைக்குத்தான். அதேபோல 'இதைப் பால்ல கலந்து குடிச்சா வேகம் கூடும்' என்று யார் பவுடர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இளையோர் போட்டிகளிலும் ஊக்கமருந்துப் பரிசோதனை உண்டு. பெட்டியில் எழுதாத பொருள் உள்ளே இருந்தாலும் பழி பிள்ளை மேல்தான் விழும்.

பொறுமைக்கு என்ன பலன்? நம் டெல்டா பக்கத்துப் பையன் பிரவீண் சித்ரவேல், 2018-ல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கில் மும்முறை தாண்டுதலில் வெண்கலம் வாங்கினார். 5 வருடம் கழித்து, 2023-ல், 17.37 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனை படைத்தார். சென்னையில் 1.80 மீட்டர் தாண்டிய பூஜா, 2025-ல் தென்கொரியாவின் குமியில் 1.89 மீட்டர் தாண்டி ஆசியத் தங்கம் வாங்கினார். இளையோர் போட்டியை ஒரு படிக்கட்டு என்று வையுங்கள். அதுவே மொட்டைமாடி அல்ல.

ஒரு தையல்காரத் தாய்

ஜான்சியில் வினிதா சிங் என்று ஒரு தாய். துணை இல்லாமல் தையல் மிஷினை நம்பி மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். மகள் ஷைலி நீளம் தாண்டுகிறாள், திறமை இருக்கிறது என்று தெரிந்ததும், சின்ன வயதிலேயே பெங்களூருக்கு, அஞ்சு பாபி ஜார்ஜ், ராபர்ட் பாபி ஜார்ஜ் தம்பதியிடம் பயிற்சிக்கு அனுப்பினார். ஒரு தாய்க்கு அது எவ்வளவு பெரிய முடிவு! 2021 ஆகஸ்டில் நைரோபியில் நடந்த 20 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் 17 வயது ஷைலி 6.59 மீட்டர் தாண்டினார். தங்கம் வாங்கிய சுவீடன் பெண் தாண்டியது 6.60. ஒரு சென்டிமீட்டர்! நம் தையல் டேப்பில் ஒரு சின்னக் கோடு. ஆனாலும் உலக அளவில் வெள்ளி. அந்தத் தாய் தன் மகளை அனுப்பாமல் இருந்திருந்தால் அந்த 6.59 மீட்டர் எங்கே இருந்திருக்கும்?

உங்கள் பெண் ஓட ஆசைப்பட்டால்...

* பள்ளி பி.டி. டீச்சரைப் போய்ப் பாருங்கள். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகத்தான் போட்டிகள். பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் ஒரே தேதியைக் காட்டுகின்றனவா என்று இப்போதே பாருங்கள்.

* தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் விளையாட்டு விடுதிகளில் பெண்களுக்கும் இடம் உண்டு. தேர்வு பற்றி மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

* முதல் செலவு, காலுக்குப் பொருந்தும் நல்ல ஷூ. பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூவுக்கு அவசரம் இல்லை. கோச் சொல்லும்போது வாங்கலாம்.

* பையில் மாற்று நாப்கின், ஒரு மாற்று உடை, தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை நாப்கின் மாற்றச் சொல்லுங்கள். மைதானத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று முதல் நாளே நீங்கள் போய்ப் பாருங்கள்.

* பயிற்சி கொடுப்பவர் யார், வேறு பெண்கள் வருகிறார்களா, திரும்பி வர எத்தனை மணியாகும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிய வேண்டும். 'அம்மாகிட்ட சொல்லாதே' என்று யாராவது சொன்னால், முதலில் அதை அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும் என்று பெண்ணுக்குப் பழக்கிவிடுங்கள்.

* முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். பருத்திப்பட்டு ஏரிக்கரை நடைபாதையில் காலையில் எத்தனை பெண்கள் நடக்கிறார்கள் பாருங்கள்! பெண் ஓடட்டும், நாம் நடப்போம். நம் முழங்காலுக்கும் நல்லது, சர்க்கரைக்கும் நல்லது.

எல்லாப் பெண்ணும் நாட்டுக்காக ஓடப் போவதில்லை. நூற்றில் ஒருத்திகூட அந்த இடத்துக்குப் போகாமல் இருக்கலாம். மற்ற தொண்ணூற்றொன்பது பேருக்கும் கிடைப்பது என்ன? நல்ல எலும்பு, நல்ல இரத்தம், தோற்றாலும் மறுநாள் எழுந்து வருகிற மனசு. நாளைக்கு அவள் போகிற வீட்டுக்கும், பார்க்கிற வேலைக்கும், பெறப்போகிற பிள்ளைக்கும் இதைவிடப் பெரிய சீர் நம்மால் செய்துவிட முடியுமா? அடுத்த முறை பள்ளியிலிருந்து விண்ணப்பம் வந்தால் பேனாவைத் தேடுங்கள், சகோதரிகளே!